ஊரில் சைரன் ஊதினால் ஓடி ஒளிய வேண்டாம்

ஜேர்மனிக்குப் புதிதாக வந்து, ஒரு சின்னக் கிராமத்து ஹைமில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் ஒருநாள், அநேகமாகச் சனிக்கிழமை மத்தியானம், தலைக்கு மேலே சைரன் அலறும். பங்கருக்குள் ஓடிப் பழகின எங்களுக்கு அது கேட்டவுடனே நெஞ்சு படபடக்கும். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போன தாய்மாரை நாங்கள் அறிவோம். சனிக்கிழமைச் சத்தம் பல ஊர்களில் சைரன் வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனைதான்.

மற்ற நேரத்தில் ஊதினால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தரம் விட்டு விட்டு ஒரே தொனியில் ஊதினால், அது தீயணைப்புப் படையினரைக் கூப்பிடுகிற சத்தம். உங்களுக்கு வேலையில்லை. ஏறி இறங்கி ஒரு நிமிடம் ஊதினால் அது பொதுமக்களுக்கான எச்சரிக்கை. உள்ளே போய் யன்னல்களைச் சாத்துங்கள், வானொலியைப் போடுங்கள், பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்.

கூப்பிடுகிற சத்தம் கேட்டதும் றோட்டைப் பாருங்கள். பாண் போடுகிறவர், கமக்காரர், வாகனம் திருத்துகிறவர் எல்லாம் கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார்கள். பலரிடம் இடுப்பில் ஒரு சின்ன பீப்பரும் இருக்கும். அவர்கள்தான் படை. சம்பளம் இல்லை. ஜேர்மனியில் சம்பளத்துக்கு வேலை செய்யும் தீயணைப்புப் படை பெரிய நகரங்களில்தான் உண்டு. மற்ற இடங்களில் இப்படியான தொண்டர் படைகள்தான், 20,000க்கும் மேல். ஹெஸ்ஸன் மாநிலச் சட்டப்படி, அழைப்பு வந்தால் பொதுவாக 10 நிமிடத்துக்குள் உதவி தொடங்க வேண்டும். நகரத்திலிருந்து வண்டி புறப்பட்டு வந்தால் அது நடக்காது. அதனால்தான் சின்ன ஊர்களிலும் ஒரு படை.

யூனிபோமைக் கண்டால் ஒதுங்குகிற பழக்கம் எங்களுக்கு உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. ஆனால் இவர்கள் பொலிஸ் இல்லை, உங்கள் விசாவைப் பார்க்க வருகிறவர்களும் இல்லை. ஒரு ஹைமில் குசினியில் எண்ணெய் பற்றினபோது, கேஸுக்குப் பாதகம் வரும் என்று பயந்து யாரும் ஃபோன் எடுக்கவில்லை. ஒருவர் தண்ணீரை ஊற்ற, நெருப்பு கூரை வரை எழும்பியது. அவருடைய கை இன்னும் சரியாகவில்லை. பெரிய நெருப்பென்றால் பொலிசும் வந்து எப்படிப் பற்றியது என்று விசாரிக்கும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். தவறுதலாகப் பற்றின நெருப்பை அணைக்கப் பொதுவாகக் காசு கேட்பதில்லை. வேண்டுமென்று பொய்யாகக் கூப்பிடுவதுதான் குற்றம்.

தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அடுப்பை நிற்பாட்டி, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடுங்கள், பிறகு திறந்து பார்க்காதீர்கள். மூட முடியாவிட்டால் கதவைச் சாத்திவிட்டு எல்லாரையும் வெளியே கூட்டிப் போங்கள். வடை சுடும்போது கத்துகிறது என்று கூரையிலுள்ள புகை அலாரத்தின் பற்றரியைக் கழற்றுகிறவர்களும், அதைப் பையால் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். நித்திரையில் இருக்கிறவரைக் கொல்வது பெரும்பாலும் நெருப்பு இல்லை, புகை.

அழைக்க வேண்டிய எண் 112. காசு இல்லை, கைபேசியில் மீதிப் பணம் இல்லாவிட்டாலும் போகும். ஆனால் சிம் இல்லாத கைபேசியிலிருந்து 2009க்குப் பிறகு ஜேர்மனியில் இந்த எண்ணுக்கு எடுக்க முடியாது. டொச் வராவிட்டால் இரண்டு சொல் போதும்: "எஸ் ப்ரென்ட்", அதாவது நெருப்புப் பிடித்திருக்கிறது. பிறகு ஊர், தெரு, வீட்டு இலக்கம். இதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். அவர்கள் கேள்வி கேட்டு முடியும்வரை ஃபோனை வைக்காதீர்கள்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால், ஊர்ப் படையின் இளையோர் பிரிவைப் பற்றி விசாரித்துப் பாருங்கள். பல ஊர்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளையும் சேர்ப்பார்கள். பள்ளிக்கூடத்தைவிட அங்கே டொச் கெதியாக வரும் என்பது எங்கள் அனுபவம். பயிற்சி நாளைத் தீயணைப்பு நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் பார்க்கலாம்.