மாலை வெளிச்சத்தின் நிறமும் இரவு உறக்கமும்

"பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன் டாக்டர், பன்னிரண்டு வரை தூக்கம் வருவதில்லை." புறநோயாளர் பிரிவில் அடிக்கடி கேட்கும் குறை இது. தூக்க மாத்திரையைப் பற்றிப் பேசும் முன் நான் கேட்பது ஒன்றுண்டு: மாலையில் உங்கள் வீட்டில் எரியும் விளக்கு என்ன நிறம்?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளில் அந்தி வேளையில் இறங்கியவர்கள் வானின் நிறமாற்றத்தைக் கண்டிருப்பார்கள். கதிரவன் சாயும்போது அதன் ஒளி காற்றினூடே நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலக்கதிர்கள் சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன. வெளிச்சமும் படிப்படியாகக் குறைகிறது. இரவு நெருங்குவதை உடல் இவ்வாறே அறிகிறது.

விழித்திரையில், பார்வைக்கு உதவும் செல்களோடு, ஒளியின் அளவை உடற்கடிகாரத்துக்கு உணர்த்தும் தனிவகை நரம்புச் செல்களும் உள்ளன. 2002இல் கண்டறியப்பட்ட இச்செல்களை மிகுதியாகத் தூண்டுவது ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி. இரவில் அவ்வொளி கண்ணில் பட்டால், இன்னும் பகல் நீடிப்பதாக மூளை கொள்கிறது. உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்தும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது.

2015இல் உஜாலா திட்டம் தொடங்கியபின் எல்.இ.டி. பல்புகள் வீடுதோறும் பரவின. மின்செலவு குறைந்தது நன்மையே. ஆயினும் வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே இருப்பது பொதுவாக நீல ஒளி உமிழும் சில்லு. அதன்மேல் உள்ள பூச்சே அவ்வொளியை வெண்மையாக்குகிறது. அட்டையில் 6500 கெல்வின் என்றிருந்தால் அதில் நீலம் மிகுதி. 2700 அல்லது 3000 என்றிருந்தால் குறைவு.

நிறம் மட்டுமே காரணம் அன்று. ஒளியின் அளவும் நேரமும் அதற்கு இணையாக முக்கியமானவை. கைபேசித் திரையை மஞ்சளாக மாற்றிக்கொண்டு நள்ளிரவு வரை பார்ப்பதால் பயனில்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை:

1. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே பெரிய வெள்ளை விளக்கை அணைத்து, மங்கலான மஞ்சள் விளக்கை ஏற்றுங்கள்.
2. காலையில் அரை மணி நேரமாவது வெளியில் பகல் வெளிச்சத்தில் இருங்கள். சூரியனை நேராகப் பார்க்க வேண்டாம்.
3. முதியோர் இரவில் எழுந்து செல்லும் வழியில், தரையை ஒட்டிச் சிறு மஞ்சள் விளக்கு எரியட்டும். முழு இருட்டில் விழுந்து எலும்பு முறிவது தூக்கக் கேட்டினும் பெரிய தீங்கு.
4. மாத்திரையின் பெயரையும் இன்சுலின் அளவையும் நல்ல வெளிச்சத்திலேயே சரிபாருங்கள். அதில் சிக்கனம் வேண்டாம்.

நோயாளியின் அருகில் கண்விழிக்கும் உறவினர்களுக்கும் இவை பொருந்தும். உங்கள் உறக்கமும் அவருடைய சிகிச்சைக்குத் துணை.

உரத்த குறட்டை, மூச்சுத்திணறி விழித்தல், அடிக்கடி சிறுநீர் கழித்தல், நீங்காத மனச்சோர்வு ஆகியவை இருந்தால் விளக்கை மாற்றுவது மட்டும் போதாது, மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிறருக்குக் கொடுத்த தூக்க மாத்திரையை ஒருபோதும் உட்கொள்ளாதீர்கள்.