உறுதி எழுதும் நாளுக்கு முன்...

கையில் நாலு காசு சேர்ந்ததும் ஒரு கடையறையோ சிறு வீடோ வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்பது நம் வியாபாரிகளில் பலரது ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் விலை பேசுவதில் காட்டும் கெட்டித்தனத்தை உறுதி எழுதும் விடயத்தில் பலர் காட்டுவதில்லை. நொத்தாரிசின் கந்தோரில் கையொப்பமிட்டுப் பணத்தைக் கொடுத்துவிட்டு வருவதுதான் அன்றைய வேலை என்று எண்ணுகிறார்கள். சில ஆதனங்களை வாங்கி வாடகைக்கு விட்டவன் என்ற வகையில் நான் சொல்வது ஒன்றே: அன்றைய தினம் புதிதாக அறிந்துகொள்ள எதுவும் மிச்சமிருக்கக்கூடாது.

முதலாவது, காணிப் பதிவகம். முற்பணம் கொடுக்கும்போது பார்த்த பத்திரு போதாது. கையொப்பத்துக்கு முந்திய நாளோ அன்று காலையோ உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு மறுபடியும் பார்க்கச் செய்யுங்கள். இடைப்பட்ட வாரங்களில் ஓர் ஈடோ, வழக்கு அறிவித்தலோ, வேறொருவருக்கு எழுதிய உறுதியோ பதிவாகியிருக்கலாம். 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத முந்திய உறுதியை விட, பணம் கொடுத்து வாங்கிப் பதிந்த பிந்திய உறுதியே பொதுவாக நிற்கும்.

இரண்டாவது, விற்பவர் யார் என்பது. வாப்பா மௌத்தான பின் பிள்ளைகள் விற்கும் சொத்தென்றால் உம்மாவுக்கும் பெண் மக்களுக்கும் அதில் பங்குண்டு. நானாமார் மூவர் கையொப்பமிட்டு, கட்டிக்கொடுத்த தாத்தா ஒருவர் விடுபட்டால் அவருடைய பங்கு உங்களுக்கு வந்து சேராது. வெளிநாட்டில் இருப்பவருக்காக அற்றோணித் தத்துவத்துடன் ஒருவர் வந்தால், அது பதியப்பட்டதா, இரத்துச் செய்யப்படவில்லையா, எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

மூன்றாவது, வாடகைக்காரர். அதிகம் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். எனக்குத் தெரிந்த ஒரு வியாபாரி கடையொன்றை வாங்கி, அடுத்த மாதம் வாடகை கேட்கப் போனார். “பழைய முதலாளியிடம் 6 இலட்சம் முற்பணம் கொடுத்திருக்கிறேன், அது கழியும் வரை வாடகை இல்லை” என்றார் கடைக்காரர். கையில் எழுத்தும் வைத்திருந்தார். மாத வாடகை 25,000 ரூபா. இரண்டு வருட வருமானம் போயிற்று. ஆகவே மாத வாடகை, முற்பணம், நிலுவை, தவணை நான்கையும் எழுதி வாடகைக்காரரிடம் ஒரு கடிதம் முன்பே வாங்குங்கள். முற்பணத்தை விலையில் கழியுங்கள். ஆதனம் கைமாறியதால் மட்டும் முறையாக எழுதிய குத்தகை முடிந்துவிடாது. 1972ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைச் சொல்லி இருந்த பழைய வாடகைக்காரரை எழுப்ப முடியாமல் வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏறியவர்களும் உண்டு. எழுப்பிவிடலாம் என்று விற்பவர் வாயால் சொல்வதை நம்பி வாங்காதீர்கள்.

நான்காவது, பணக் கணக்கு. விலையோடு செலவு முடிவதில்லை. முத்திரை வரி முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 80 இலட்சம் பெறுமதியான ஆதனத்துக்கு 3,000மும் 3,16,000மும் சேர்த்து 3,19,000 ரூபா. நொத்தாரிசின் கட்டணமும் பதிவுச் செலவும் வேறு. இதைக் கடைச் சரக்குப் பணத்திலிருந்து அவசரமாக உருவ வேண்டிய நிலை வரக்கூடாது. உறுதியில் விலையைக் குறைத்து எழுதச் சொல்பவரின் பேச்சையும் கேட்காதீர்கள். வரி சந்தைப் பெறுமதிக்கே கணிக்கப்படும். பிறகு வழக்கென்று வந்தால் உறுதியில் உள்ள தொகைதான் உங்களுக்காகப் பேசும்.

இனி அன்றைய தினம். 1840ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காணி விற்பனை எழுத்தில், நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒன்றாக இருக்கும்போது கையொப்பமிடப்பட வேண்டும் என்பது சட்டம். எனவே அடையாள அட்டையோடு எல்லோரும் ஒரே நேரத்தில் வரட்டும். அட்டவணையிலுள்ள எல்லைகளையும் பேர்ச்சஸ் அளவையும் நில அளவையாளரின் வரைபடத்தோடு ஒப்பிட்டு வாசிக்கச் செய்யுங்கள். முடிந்தவரை பே ஓடராகவே கொடுங்கள். அதன் இலக்கம் உறுதியில் வரட்டும். வங்கி ஈடு இருந்தால் அதன் விடுவிப்பு உறுதியும் அன்றே கையொப்பமாகட்டும். பழைய மூல உறுதிகள், சோலைவரிப் பற்றுச்சீட்டு, மின்சார, நீர்க் கட்டணப் பட்டியல்கள் ஆகியன உங்கள் கைக்கு வந்த பிறகே பணம் கைமாற வேண்டும். இனி வாடகையைப் புதிய உரிமையாளருக்கே செலுத்தும்படி வாடகைக்காரருக்கு விற்பவர் எழுதும் கடிதத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கந்தோரை விட்டு வெளியேறுவதோடு வேலை முடியவில்லை. உறுதி பதிவுக்குப் போனதும் நாட்புத்தக இலக்கத்தைக் கேட்டு எழுதி வையுங்கள். பதிவாகி வந்த பின் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ சோலைவரிப் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட தவணைக்குப் புதிதாகக் குத்தகை எழுதினால் அதையும் நொத்தாரிசு முன்னிலையிலேயே எழுதுங்கள்.

இதில் ஏதாவது ஒன்று குறைந்தால் நாளைத் தள்ளிப் போடத் தயங்க வேண்டாம். ஒரு வாரம் தாமதித்ததால் நட்டப்பட்டவரை நான் காணவில்லை. அவசரப்பட்டதால் வருடக்கணக்கில் அலைந்தவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.