அறிவிக்காத காயம் கணக்கில் ஏறாது

மங்கில் வடிந்த பால், ஸ்டோருக்கு வந்து நிறுக்கப்பட்டால்தான் கிராணியின் ஏட்டில் ஏறும். நிரையிலேயே கொட்டிப்போன பாலுக்குக் கூலி கிடையாது. வேலையில் நேரும் காயத்திற்கும், வேலையால் வரும் நோய்க்கும் இதே நியதி பொருந்தும். அறிவிக்கப்பட்டவை மட்டுமே நாட்டின் கணக்கில் சேர்கின்றன. இழப்பீடும் அவற்றிற்கே கிடைக்கிறது. அக்கணக்கு எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, அதில் தோட்டத் தொழிலாளரின் பங்கு யாது என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

கணக்கு காட்டுவது

சொக்சோ என்று நாம் அழைக்கும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்து, 1971-இல் பணியைத் தொடங்கியது. 1990-களின் முற்பகுதியில் அந்நிறுவனத்திற்கு அறிவிக்கப்பட்ட விபத்துகள் ஆண்டொன்றுக்கு ஓர் இலட்சத்தைத் தாண்டின. 2000-களின் பிற்பகுதியில் அத்தொகை 60 ஆயிரத்திற்கும் கீழே இறங்கியது. இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமேயாகும்.

ஆயினும் கணக்கின் உட்பிரிவுகளையும் நோக்குதல் வேண்டும். வேலையிடத்து விபத்துகள் குறைந்துவந்த காலத்தில், வேலைக்குச் செல்லும்போதும் வீடு திரும்பும்போதும் சாலையில் நேரும் விபத்துகள் பெருகின. அவற்றில் சிக்குவோரில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் செல்வோர்.

மூன்றாவது போக்கு தொழில்சார் நோய்களைப் பற்றியது. 2000-களின் நடுப்பகுதியில் ஆண்டுக்குச் சில நூறாக இருந்த நோய் அறிக்கைகள், 2010-களின் இறுதியில் பல ஆயிரமாயின. அவற்றுள் மிகப் பெரும் பகுதி இரைச்சலால் ஏற்படும் செவித்திறன் இழப்பாகும்.

கணக்கு மறைப்பது

நோய் அறிக்கைகள் பெருகியதால் தொழிலாளர் திடீரென நோயாளிகளாகிவிட்டனர் என்று முடிவு கட்டலாகாது. முன்பு கேட்பாரற்றுக் கிடந்த செவிகள் இப்போது சோதிக்கப்படுகின்றன. சோதித்ததால் நோய் வெளிப்பட்டது. 1989-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிகள் தொழிற்சாலைகளுக்கே உரியனவாக இருந்தன. 2019-இல் வந்த புதிய விதிகள் விவசாயம் உள்ளிட்ட பிற துறைகளையும் தழுவின. ஆகவே புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் சுமந்து நாள்தோறும் வேலை செய்பவரின் செவிக்கும் இன்று சட்டப் பாதுகாப்பு உண்டு.

அதுபோலவே, ஒரு தோட்டத்தின் ஏட்டில் விபத்து எதுவும் பதிவாகவில்லை என்பதால் அங்கு எவருக்கும் காயம் நேரவில்லை என்று கூறிவிட இயலாது. உளி பட்டுக் கிழிந்த விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்திற்குச் செல்வோர் உண்டு. அம்மோனியாவோ, பாலை உறையவைக்கும் அமிலமோ கண்ணில் தெறித்தும் வாய் திறவாதோர் உண்டு. மழையில் வழுக்கும் மேட்டுச் சரிவில் வாளியுடன் விழுந்தவர், குளவி கொட்டியவர், முதுகுவலியை வயதின்மேல் பழியாக்குபவர் ஆகியோரும் கணக்கிற்கு வெளியே நின்றுவிடுகின்றனர்.

அன்றைய கூலி போய்விடுமே என்ற கவலையும், கவனக்குறைவு என்று ஏசுவார்களே என்ற அச்சமும் இதற்குக் காரணங்கள். தொழிலாளியின் கவனக்குறைவு ஒன்றையே காட்டி இழப்பீட்டு உரிமையை அழித்துவிட முடியாது என்பதை அனைவரும் உணர்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டுவன

முதலாவது, முதலுதவி. கண்ணில் அமிலம் தெறித்தால் தூய நீரால் குறைந்தது 15 நிமிடம் இடைவிடாது கழுவிய பின் மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். துருவும் மண்ணும் படிந்த உளியால் நேர்ந்த வெட்டுக்கு, இசிவு நோய்த் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

இரண்டாவது, அறிவிப்பு. கங்காணியிடமோ தோட்ட அலுவலகத்திலோ தாமதமின்றித் தெரிவித்து, நாள், நேரம், இடம், கண்ட சாட்சி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவிற்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர். நான்கு நாளுக்கு மேல் வேலை செய்ய இயலாதவாறு காயம் நேர்ந்தால், 2004-ஆம் ஆண்டு விதிகளின்படி, தொழில் பாதுகாப்பு சுகாதார இலாகாவிற்கும் 7 நாளுக்குள் அறிக்கை செல்ல வேண்டும்.

மூன்றாவது, சான்று. மருத்துவ விடுப்புச் சீட்டைப் பத்திரப்படுத்துதல் வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாத விடுப்பு இருப்பின், கூலி பெறாத அந்நாட்களுக்குச் சராசரி நாட்கூலியில் 80 விழுக்காட்டைச் சொக்சோ வழங்கும். ஒருவரின் சராசரி நாட்கூலி 60 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். அவருக்கு நாளொன்றுக்கு 48 ரிங்கிட் கிடைக்கும். 14 நாள் விடுப்பாயின் தொகை 672 ரிங்கிட். காயத்தை மறைப்பவர் இழப்பது இத்தொகையை மட்டுமன்று. பின்னாளில் அவ்விரல் மடங்காமற்போனால், நிலையான உடற்குறைக்குரிய உதவியைக் கோருவதற்கும் முதற்சான்று இல்லாது போகும்.

வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடையிலான நேர்வழியில் நேரும் சாலை விபத்திற்கும் இவ்வுரிமை உண்டு. சொந்தக் காரியமாக வழி விலகிச் சென்றபோது நேர்ந்தால் அது சேராது. சாலை விபத்தை 24 மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் புகார் செய்தலும் அவசியம்.

நம்முடன் வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி முதல் சொக்சோவின் வேலைவிபத்துத் திட்டத்தில் சேர்ந்துள்ளனர். சொந்தச் சிறுதோட்டத்தில் பால் வெட்டுவோர், சுயதொழில் செய்வோருக்கான 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சந்தா செலுத்திப் பாதுகாப்புப் பெறலாம்.

நோயெனில் மருத்துவரிடம் கூற வேண்டுவது

விபத்து ஒரு நொடியில் நேர்வதால் அனைவர் கண்ணிலும் படுகிறது. நோயோ ஆண்டுக்கணக்கில் மெல்ல வளர்வதால், அது வேலையால் வந்ததென்று நோயாளியே அறிவதில்லை. இத்தாலிய மருத்துவர் இராமசினி 1700-ஆம் ஆண்டில் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழில் யாதென்பதையும் மருத்துவர் கேட்க வேண்டும் என்று அதில் வலியுறுத்தினார். மருத்துவர் கேட்காவிடினும் நாமே அதைக் கூறிவிடுதல் நலம்.

காய்ச்சலென்று செல்பவர், ஈரத் தரையிலும் கால்வாய் ஓரத்திலும் வேலை செய்வதைச் சொன்னால், எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சலை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். தோல் அரிப்பென்று செல்பவர், தாம் தெளிக்கும் களைக்கொல்லியின் பெயரைச் சொல்லுதல் வேண்டும். அதன் சீட்டை உடன் கொண்டுபோதல் இன்னும் சிறப்பு. கொடிய நஞ்சான பராகுவாட் 2020 ஜனவரி முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டுவிட்டது. எனினும் ஏனைய மருந்துகளும் தோலுக்கும் கண்ணுக்கும் ஊறு செய்யக்கூடியவையே. தொழில்சார் நோயென மருத்துவர் அறிந்தால், 7 நாளுக்குள் இலாகாவிற்கு அறிவிப்பது அவர் கடமை.

அறிக்கை அடுத்தவரைக் காக்கும்

ஒரே சரிவில் மூவர் வழுக்கி விழுந்ததாக மூன்று அறிக்கைகள் இருந்தால், அங்கே படி வெட்ட வேண்டும் என்பது நிர்வாகத்திற்குத் தெளிவாகும். ஓர் அறிக்கையும் இல்லையெனில், நான்காமவரும் அங்கேயே விழுவார்.

தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் 1967-இல் வந்தபோதிலும், பால்மரக் காட்டு வேலைக்குப் பாதுகாப்புச் சட்டம் 1994-இல்தான் கிட்டியது. அச்சட்டத்தின்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு அமைதல் வேண்டும். ஆபத்தை எடுத்துரைத்ததற்காக ஒருவரை வேலையினின்று நீக்குதல் குற்றமாகும். உடனடி ஆபத்தை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஆவன செய்யாவிடில், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை 2024 ஜூன் முதல் தொழிலாளிக்கு உண்டு.

இன்று கேட்டறிய வேண்டிய மூன்று

1. நம் பெயரில் சொக்சோ சந்தா முறையாகச் செலுத்தப்படுகிறதா?

2. நம் தோட்டத்தில் பாதுகாப்புக் குழு உண்டா? அதில் தொழிலாளர் சார்பில் இருப்பவர் யார்?

3. சென்ற மாதம் நமக்கோ நம் வீட்டாருக்கோ நேர்ந்து, எவரிடமும் சொல்லாமல் விட்ட காயம் ஏதேனும் உண்டா?

மூன்றாம் வினாவிற்கு விடை 'உண்டு' எனின், நாளைக் காலைப் பெரட்டு முடிந்ததும் அலுவலகத்திற்குச் சென்று அதைத் தெரிவித்தல் வேண்டும்.