மூன்று வரி போதும்

'மெல்லக் கற்போர்' பட்டியலில் பெயர் ஏறிவிட்ட பிள்ளைக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் இன்னொரு பயிற்சித்தாள்தான். எது வரவில்லையோ அதையே திரும்பத் திரும்பச் செய்யச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் கட்டுரை நோட்டைப் பிரித்துப் பாருங்கள். தலைப்பு இருக்கும், 'முன்னுரை' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கும். ஒன்றரை வரிக்குக் கீழே பக்கம் வெறுமையாகக் கிடக்கும். எழுதிய அந்த ஒன்றரை வரியிலும் சிவப்பு மை வட்டங்கள். பக்கத்துக்குப் பக்கம் முடிக்காத வேலையையே பார்க்கிற பிள்ளைக்கு எவ்வளவு தட்டிக்கொடுத்தாலும் தன்மேல் நம்பிக்கை பிறக்காது. ஒன்றைத் தொடங்கி, தானே முடித்திருக்க வேண்டும். ஒரு பாடவேளைக்குள் அப்படி முடிக்கக்கூடியது கவிதை என்பதால்தான் அதை எழுதவைக்கச் சொல்கிறேன்.

அமெரிக்கக் கவிஞர் கென்னத் கோக் 1968இல் நியூயார்க்கின் ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகளைக் கவிதை எழுதவைத்து இதைச் செய்து காட்டினார். ஒவ்வொரு வரியையும் 'எனக்கு ஆசை' என்று தொடங்கச் சொன்னார். எதுகை வேண்டாம், எழுத்துப்பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம் என்றார். அந்த அனுபவத்தை 1970இல் புத்தகமாகவும் எழுதினார். வெற்றுத்தாளில் பிள்ளையை மிரட்டுவது முதல் சொல். அதை நாமே கொடுத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். 'எங்கள் வீட்டு வாசலில்' என்று தொடங்கி மூன்று வரி கேளுங்கள். அறுந்த செருப்பு, அழிந்த கோலம், கட்டிப்போட்ட ஆடு, வேலைக்குப் போய் இன்னும் திரும்பாத அப்பா என எதுவும் வரலாம். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைக்கும் அந்த வாசல் தெரியாது. இந்த ஒரு வேலையில் இருவரும் சமமாகத் தொடங்குகிறார்கள்.

யாப்பு இல்லாதது கவிதையா என்று தமிழாசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். 1916இலேயே பாரதி ஜப்பானின் ஹைக்கூவைத் தமிழருக்கு அறிமுகம் செய்து எழுதினார், 1934இல் ந. பிச்சமூர்த்தியின் 'காதல்' கவிதை யாப்பை விட்டு வெளியே வந்தது. அந்தச் சுதந்திரத்தைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? பிழை தங்கிவிடுமே என்ற அச்சம் இதைவிட நியாயமானது. முதல் படியில் பிழையைத் தொடாதீர்கள், சுவரில் ஒட்டுவதற்காகப் படியெடுக்கும்போது திருத்துங்கள். நாலு பேர் படிக்கப்போகிறார்கள் என்றால், சின்ன 'ர'வா பெரிய 'ற'வா என்று பிள்ளைக்கே கேட்கத் தோன்றும். இதனால் பொதுத்தேர்வில் மதிப்பெண் ஏறும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் பேனாவை எடுக்கவே தயங்கும் பிள்ளைக்கு எந்த வினாவிலும் மதிப்பெண் கிடைக்காது.

பொத்தாம்பொதுவாக 'அருமை' என்று சொல்லாமல், மனதில் நின்ற ஒரு சொல்லைக் காட்டிச் சொல்லுங்கள். போட்டி வைத்துப் பரிசு கொடுத்தால் பழைய வரிசையே திரும்பிவிடும், அது வேண்டாம். எழுந்து வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். வாரத்துக்கு ஒரு தமிழ்ப் பாடவேளையை மட்டும் இதற்கு ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் சிவப்புப் பேனா மேசைக்குள்ளேயே இருக்கட்டும்.