ஒட்டுப்பலகை வண்டிக்கு எப்பாக்சிப் பூச்சு

காரின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறிய படுக்கை வண்டியைத் தம் கையாலேயே கட்டிக்கொள்ளும் வழக்கம் அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டுகளிலேயே இருந்தது. 4 அடி அகலமும் 8 அடி நீளமும் உள்ள ஒட்டுப்பலகைகளே அத்தகைய வண்டிக்குச் சுவராகவும் கூரையாகவும் அமைகின்றன. மெல்லிய மர ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய பலகை இது. ஏடுகளுக்கிடையே நீர் புகுந்துவிட்டால், வெளியே வண்ணம் பளபளத்துக் கொண்டிருக்கும்போதே உள்ளே மரம் மக்கிவிடும். பலகைக்குச் செலவிட்ட பணமும் உழைப்பும் இரண்டொரு மழைக்காலத்தில் வீணாகாமலிருக்க வேண்டுமெனில், எப்பாக்சிப் பூச்சின் இயல்பை அறிந்திருத்தல் அவசியமாகும்.

எப்பாக்சி என்பது பிசின், அதனை இறுகச் செய்யும் ஹார்டனர் என்னும் இரு நீர்மங்களின் கலவை. ரப்பர் பாலில் பார்மிக் அமிலம் சேர்த்து உறையவைப்பதை நம் வாசகர்கள் நன்கறிவார்கள். அமிலத்தைச் சற்று கூட்டினால் பால் விரைவில் உறையும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரலாகாது. ஹார்டனரைக் கூட்டினால் பூச்சு விரைவில் இறுகுவதில்லை. மாறாக, என்றைக்கும் பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டின்னில் குறித்துள்ள விகிதத்தைக் கண்மதிப்பாக அன்றி அளந்தே கலத்தல் வேண்டும். ஆழமான டப்பாவில் அதிகமாகக் கலந்து வைத்தால் கலவை தானே சூடேறிப் புகையும். ஆதலால் சிறிது சிறிதாகக் கலந்து அகன்ற தட்டில் ஊற்றிக் கொள்வதே நல்லது.

பலகை வெயிலில் சூடேறும் வேளையில் பூசினால், மரத்தினுள் இருக்கும் காற்று விரிந்து பூச்சில் குமிழிகளை எழுப்பும். பிற்பகலில், கூரையின் கீழ், பலகை குளிரத் தொடங்கும்போது பூசுவது பொருத்தமானது. அறுத்த ஓரங்கள் தண்ணீரைக் குடிப்பதைப் போலவே பிசினையும் குடிக்கும். அவற்றுக்கு இரண்டு மூன்று முறை பூச வேண்டும். முதற்பூச்சு, விரல் வைத்தால் தடம் பதிந்தும் விரலில் ஒட்டாத பதத்தில் இருக்கையில் அடுத்த பூச்சைப் பூசினால், இரண்டும் ஒன்றாகிவிடும். இடையில் தேய்க்க வேண்டியதில்லை.

முற்றிலும் இறுகிய பின்னரே மறுபூச்சு எனில், பலர் தவறுவது இவ்விடத்தில்தான். ஈரக்காற்றில் இறுகும் எப்பாக்சியின் மேல் மெழுகு போன்ற வழவழப்பான படலம் ஒன்று பல சமயம் படிகிறது. ஹார்டனரில் உள்ள பொருள், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் உண்டாவது இது. ஈரம் மிகுந்த நம் நாட்டில் இதனை எதிர்பார்த்தே வேலை செய்ய வேண்டும். கழுவாமல் தேய்த்தால் உப்புத்தாள் அடைத்துக்கொள்ளும். படலமும் பூச்சினுள் அழுந்தி, மேலே பூசும் வண்ணம் உரிந்துவிடும். இப்படலம் நீரில் கரையக்கூடியது. ஆகவே சுத்தமான தண்ணீரும் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவி, துணியால் துடைத்து, உலர்ந்தபின் தேய்க்க வேண்டும். தின்னரைத் தேடி அலைய வேண்டியதில்லை!

மேடுகளுக்கு 80ஆம் எண் தாளும், பின்னர் 120ஆம் எண்ணும், வண்ணத்துக்கு முன் 220ஆம் எண்ணும் போதும். பளபளப்பு மறைந்து மேற்பரப்பு எங்கும் மங்கினால் வேலை முடிந்தது. மரம் வெளியே தெரியும்வரை தேய்த்துவிட்டால் அவ்விடத்தில் மீண்டும் பூசியாக வேண்டும்.

இறுகாத பிசின் தோலில் படுவதை அற்பமாக எண்ணுதல் கூடாது. ஒருமுறை ஒவ்வாமை உண்டானால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும். பிறகு சிறு அளவு பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் தோன்றும். பால் வெட்டும் கைகளுக்கு இதனால் நேரும் இழப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கையுறை அணிய வேண்டும். கையில் பட்டால் சோப்பும் தண்ணீருமே போதும். தின்னர் பிசினைத் தோலுக்குள் செலுத்திவிடும். பாதி இறுகிய பூச்சின் தூசி இன்னும் தீங்கானது. ஆதலால் நன்கு இறுகியபின், முகமூடி அணிந்து, தாளை நனைத்துக் கையால் தேய்ப்பது நலம்.

வெயில் எப்பாக்சியை மஞ்சளாக்கிப் பொடியச் செய்யும். மேலே வண்ணமோ வெயில் தாங்கும் வார்னிஷோ பூசியே தீர வேண்டும். இறுதியாக, கதவுக் கீலுக்கும் விளக்குக்கும் துளையிடுவோர், பூசிய பலகையில் நேராகத் திருகாணி முடுக்கினால் அத்துளை வழியே நீர் புகும். தேவையினும் பெரிய துளையிட்டு, அதனை எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் சிறு துளையிட்டே திருகாணியைப் பொருத்த வேண்டும்.