எதிரியில்லாக் களத்தில் வெற்றி: லெ மான் பந்தயம் தரும் பொருளாதாரப் பாடம்

முன்னுரை

பொருளாதார வகுப்பில் அங்காடி வகைகளைப் படிக்கும்போது முற்றுரிமை என்னும் பகுதி தவறாமல் வருகிறது. ஒரு பொருளுக்கு ஒரே விற்பனையாளர். புதியவர் நுழைய இயலாதபடி தடைகள். வாங்குவோருக்கு வேறு வழியின்மை. இவை அதன் இலக்கணங்கள். இரயில்வே, மின்சாரம் போன்றவற்றையே பாடநூல்கள் எடுத்துக்காட்டாகத் தருகின்றன. நான் இங்கு விளையாட்டுக் களத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறேன். போட்டியே உயிராக உள்ள கார் பந்தயத்தில் போட்டியாளர் இல்லாமற்போனால் என்ன ஆகும்? பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் 2018 முதல் 2020 வரை நிகழ்ந்தவை இதற்கு விடை கூறுகின்றன.

பந்தயத்தின் இயல்பு

லெ மான் பந்தயம் 1923-இல் தொடங்கியது. ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர் நீளமுள்ள தடத்தில் 24 மணி நேரம் இடைவிடாது கார்கள் ஓட வேண்டும். ஒரு காரை மூவர் முறைவைத்து ஓட்டுவர். குறித்த நேரத்திற்குள் அதிகச் சுற்றுகளை முடிப்பதே வெற்றி. கார் உற்பத்தி செய்யும் நிறுவனங்களே நேரடியாக நடத்தும் அணிகளும் உண்டு. தனியார் அணிகளும் உண்டு. முன்னவற்றைத் தொழிற்சாலை அணிகள் என்பர். பணம், ஆராய்ச்சிக்கூடம், பொறியாளர் படை ஆகிய அனைத்தும் அவற்றின் பக்கம்.

எதிரிகள் விலகிய கதை

2012-இல் உலக நெடுந்தூரப் பந்தயத் தொடர் தொடங்கியபோது ஆடி, டொயோட்டா ஆகிய தொழிற்சாலை அணிகள் மோதின. 2014-இல் போர்ஷே வந்து சேர்ந்தது. பெட்ரோல் அல்லது டீசல் எஞ்சினுடன் மின்விசையும் சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் கார்களை இவை உருவாக்கின. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, மீண்டும் வேகமெடுக்கும்போது பயன்படுத்துவது இவற்றின் தத்துவம். தொழில்நுட்பம் வளர்ந்தது, செலவு அதைவிட வேகமாக வளர்ந்தது.

ஆடி நிறுவனம் 2000 முதல் 2014 வரை லெ மானில் 13 முறை வென்றது. அதன் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் டீசல் புகைச் சோதனை மோசடியில் சிக்கிப் பெரும் இழப்புக்கு ஆளாயிற்று. 2016-ஆம் ஆண்டு முடிவில் ஆடி களத்தைவிட்டு விலகியது. 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளும் வென்ற போர்ஷேயும் 2017-உடன் விடைபெற்றது. எஞ்சியது டொயோட்டா மட்டுமே.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். டொயோட்டா எவரையும் விரட்டவில்லை. 1985 முதல் லெ மானுக்கு வந்து தோற்றுத் திரும்பிய அணி அது. 2016-இல் வெற்றிக்குச் சுமார் மூன்று நிமிடம் இருக்கும்போது, முதலிடத்தில் ஓடிய அதன் கார் வலுவிழந்து தடத்திலேயே நின்றது. இங்கு முற்றுரிமை பிறந்ததற்குக் காரணம் பேராசையன்று. எவரும் எளிதில் ஏற முடியாத செலவுச் சுவரே. பாடநூல்கள் ‘நுழைவுத் தடை’ என்பது இதைத்தான்.

முற்றுரிமையாளர் சோம்பினாரா?

போட்டியில்லாத நிறுவனம் சோம்பிவிடும் என்பது பொதுக் கருத்து. டொயோட்டாவிடம் நான் அதைக் காணவில்லை. 2018 பந்தயத்திற்கு முன் அந்த அணி வேண்டுமென்றே கோளாறுகளை உண்டாக்கி, அவற்றைச் சமாளிக்கும் பயிற்சியை ஓட்டுநர்களுக்கு அளித்தது. பழைய தோல்விகளே அதற்கு எதிரியாக நின்றன. மேலும் அதன் இரு கார்களும் ஒன்றுக்கொன்று போட்டியிட்டன. அவ்வாண்டு எட்டாம் எண் கார் தண்டனை பெற்று இரண்டு நிமிடத்திற்கு மேல் பின்தங்கியது. இரவில் ஃபெர்னாண்டோ அலோன்சோ அந்த இடைவெளியைப் பெரிதும் குறைத்தார். இறுதியில் அக்காரே 388 சுற்றுகளுடன் வென்றது. 2019-இல் கடைசி மணி நேரத்தில், முன்னணியில் ஓடிய ஏழாம் எண் காரில் டயர் பஞ்சரானது. உணர்கருவி தவறான சக்கரத்தைக் காட்டியதால் மீண்டும் நிறுத்த நேர்ந்தது; வெற்றி கைமாறியது. ஆக, எதிரி இல்லாவிடினும் இயந்திரமும் காலமும் எதிரிகளாகவே இருந்தன.

ஆயினும் பார்வையாளருக்குக் கிடைத்தது என்ன? 2018-இல் மூன்றாமிடம் பெற்ற ரெபெல்லியன் என்னும் ஸ்விட்சர்லாந்துத் தனியார் அணி முடித்தவை 376 சுற்றுகள். வென்ற காருக்கு 12 சுற்றுகள் பின்னால்! 2018 மே முதல் 2019 ஜூன் வரை நீண்ட அத்தொடரின் எட்டுப் பந்தயங்களில் ஏழில் டொயோட்டா வென்றது. எஞ்சிய ஒன்றான சில்வர்ஸ்டோனிலும் அதன் கார்களே முன்னால் வந்தன. அடித்தட்டு விதிக்கு உட்படாமையால் அவை நீக்கப்பட்டன. வெற்றி ரெபெல்லியனுக்குச் சென்றது. 2020-இல் லெ மானின் உயர்ந்த பிரிவில் ஓடியவை ஐந்தே கார்கள். வென்றவரின் திறமையை அளக்க அளவுகோல் இல்லாத நிலை அது.

காலைக் கட்டுவதா, சுவரைத் தணிப்பதா?

விதி வகுப்போர் இரு வழிகளைக் கையாண்டனர். முதலாவது, வலியவனின் காலைக் கட்டுவது. தனியார் கார்களுக்கு டொயோட்டாவைவிட அதிக எரிபொருள் அனுமதிக்கப்பட்டது. அதுவும் போதாமல், 2019-20 தொடரில் புள்ளி மிகுந்த காரின் ஆற்றலை அடுத்த பந்தயத்தில் குறைக்கும் முறை வந்தது. லெ மானுக்கு மட்டும் விலக்கு அளித்தனர். இதன் பயனாக 2019-இல் ஷாங்காயிலும், 2020-இல் அமெரிக்காவின் ஆஸ்டினிலும் ரெபெல்லியன் வென்றது. ஆனால் இந்த வெற்றி யாருக்கு நிறைவு தரும்? தோற்றவர் கட்டுண்டு தோற்றார். வென்றவர் அதை அறிந்தே வென்றார். நன்றாகப் படிக்கும் மாணவனுக்கு மட்டும் தேர்வு நேரத்தைக் குறைத்தால் மற்றவரின் அறிவு வளர்ந்துவிடாது.

இரண்டாவது வழி, நுழைவுத் தடையைத் தணிப்பது. 2021-இல் ஹைப்பர்கார் என்னும் புதிய பிரிவு தொடங்கியது. காரின் ஆற்றலுக்கும் எடைக்கும் எல்லை வகுத்ததால், கட்டுக்கடங்காத ஆராய்ச்சிச் செலவு பயனற்றதாயிற்று. பின்னர் அமெரிக்கத் தொடருடன் உடன்பாடு கண்டனர். அதன்படி அனுமதி பெற்ற நான்கு நிறுவனங்களில் ஒன்றிடம் அடிச்சட்டத்தை வாங்கி, எல்லோருக்கும் பொதுவான ஹைபிரிட் கருவியைப் பொருத்தியும் காரை உருவாக்கலாம். விளைவு உடனே வரவில்லை; 2021, 2022 ஆகிய ஆண்டுகளிலும் டொயோட்டாவே வென்றது. ஆனால் 2023-இல் ஃபெராரி, போர்ஷே, காடிலாக், பெஜோ ஆகியவை லெ மானில் அணிவகுத்தன. 2020-இல் ஐந்தாக இருந்த உயர்பிரிவுக் கார்கள் 2023-இல் 16, 2024-இல் 23!

2023-இல் ஃபெராரி வென்றது. டொயோட்டா சுமார் 82 விநாடி வித்தியாசத்தில் இரண்டாமிடம் பெற்றது. 2024-இல் மீண்டும் ஃபெராரி. இம்முறை டொயோட்டாவுடன் இடைவெளி 14 விநாடிதான். 2025-இல் தனியார் அணியாகப் பதிவான ஃபெராரி கார் ஒன்றே முதலிடம் பெற்றது. காலைக் கட்டும் பழக்கம் முற்றும் ஒழிந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கார்களைச் சமன்செய்யும் விதி இன்னும் உண்டு. 2023 பந்தயத்திற்குச் சற்று முன் அவ்விதியின்படி டொயோட்டா காரில் 37 கிலோ எடை கூட்டப்பட்டது. அதுபற்றி அந்த அணி மனக்குறை கொண்டது. நடுவரே தராசில் கை வைத்தால், வென்றவரின் புகழிலும் ஐயம் படிகிறது.

முடிவுரை

எதிரியின்றிப் பெற்ற வெற்றி வீண் என்று நான் கூறமாட்டேன். 24 மணி நேரம் பழுதின்றி ஓடுவது எந்நாளும் அருஞ்செயலே. ஆனால் அவ்வெற்றியின் மதிப்பு, பக்கத்தில் ஓடுபவரைக் கொண்டே உலகுக்குத் தெரிகிறது. பன்னிரண்டு சுற்று முன்னால் வென்ற 2018-ஐவிட, 14 விநாடியில் தோற்ற 2024-லேயே டொயோட்டாவின் ஆற்றல் தெளிவாக விளங்கியது என்பது என் துணிபு.

முற்றுரிமையைக் கண்டதும் வலியவரை முடக்க எண்ணுவது அரசுகளுக்கும் இயல்பு. அதனால் வலியவர் தளர்வாரேயன்றி எளியவர் வளரார். அவர் எப்படி வலியவரானார், மற்றவர் ஏன் உள்ளே வர இயலவில்லை என்று முதலில் ஆராய வேண்டும். சுவரைத் தணித்தால் போட்டி தானே வரும். சற்றுக் காலம் தாழ்த்து வந்தாலும், வந்த போட்டி நிலைத்து நிற்கும்.