பழைய வரைபடமும் மெட்டல் டிடெக்டரும்

கேள்வி: பிரிட்டிஷ் கால நில அளவை வரைபடங்களைப் பார்த்து, மெட்டல் டிடெக்டரோடு தாமிரபரணிக் கரையில் பழங்காசு தேடலாமா? – வாசகர், சேரன்மகாதேவி

பதில்: வரைபடம் இடத்தைக் காட்டும், சந்தேகமில்லை. இன்று வயலாகிவிட்ட குடியிருப்பு, கைவிடப்பட்ட பாதை, ஆற்றைக் கடந்த துறை எல்லாம் அதில் இருக்கும். சிக்கல் தோண்டும்போதுதான். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோது பொன் நெற்றிப்பட்டமும் இரும்புக் கருவிகளும் கிடைத்தன. தாழிகளோடு கிடைத்ததால்தான் அவை ஈமப் பொருள்கள் என்று சொல்ல முடிந்தது. டிடெக்டரோ உலோகத்துக்கு மட்டுமே சத்தம் கொடுக்கும். அதைத் தேடி வெட்டும் அவசரத்தில் பக்கத்திலுள்ள பானை ஓடும் எலும்பும் சிதறிவிடும். மிஞ்சுவது ஊர் பேர் தெரியாத ஒரு காசு.

உழவிலும் மணல் அள்ளுவதிலும் அழிவதை நான் காப்பாற்றினால் என்ன என்பீர்கள். நியாயம்தான். இங்கிலாந்தில் அப்படிக் கிடைப்பவற்றைப் பதிவு செய்யவே ஓர் ஏற்பாடு உண்டு. இங்கே 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைக்கும் புதையல் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். (அந்தத் தொகையை இன்று நினைத்தால் சிரிப்பு வரும், சட்டம் சிரிக்காது.) உங்கள் ஊர் பக்தவத்சலப் பெருமாள் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் எல்லைக்குள் அனுமதியின்றித் தோண்டவே கூடாது. வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நடங்கள். மேலே கிடக்கும் ஓடுகளை எடுக்காமல் படம் பிடித்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கு எழுதுங்கள். டிடெக்டர் வாங்கும் பணமும் மிச்சம்.